பொடிசு வழிப் பேத்திகள்

எலும்பு அறை,
திங்கட்கிழமை

பொடிசு அப்பாவுக்கு,

பொடிசு அம்மா எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "இருக்கேன்" என்பீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உங்கள் வீட்டுக்காரர், அந்தத் தையற்காரர், போன வாரம் போன் செய்தார். நீங்கள் இளைத்துப் போய்விட்டீர்களாம். இடுப்பு நிற்காமல் பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்து, அவரே கேட்டு வாங்கி இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாராம். கொஞ்ச நாளில் அதுவும் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். கல்லூரிக்கு ஒழுங்காகப் பாடம் எடுக்கப் போகிறாரா என்று கேட்டேன். உடனே பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார். நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை.

கூடவே ஒரு புகாரும் சொன்னார். பொழுது சாய்ந்தால் ஜன்னல் விளக்கை மட்டும் போட்டுவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்துவிடுகிறீர்களாம். விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது, சுவரெல்லாம் பல்லி என்று அலுத்துக்கொண்டார். ஏன் சார் இப்படி என்று கேட்டதற்கு, "பேத்திங்க சாப்பிடுற நேரம்" என்றீர்களாம். அவருக்கு நம் கதை என்ன தெரியும்? சாருக்கு எத்தனை பேத்திகள் என்று என்னிடமே கேட்டார். எண்ணி முடியாது என்று சொல்லி வைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொடிசை ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள்.

நம் பெண்ணின் பெயர் வைத்த, கல்லாகிப்போன பல்லியைச் சொல்கிறேன், பதறாதீர்கள். எனக்கே பொடிசு, ஸ்கேன் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதக் கை வரவில்லை. இத்தனை வருஷம் ஆன பிறகும் ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் ஏறுகிறது.

நான் அனுமதித்தேனா என்று கேட்பீர்கள். என்னை யார் கேட்டார்கள்? நான் கல்லிலிருந்து எலும்பை எடுத்துக் கொடுக்கிறவள். அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் அருங்காட்சியகத்துடையது. தும்மல் சார்தான் கையெழுத்துப் போட்டார். தூசி ஒத்துக்கொள்ளாத மனிதரை இந்த இடத்துக்குத் தலைமைக் காப்பாளராகப் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கையெழுத்துக்கு முன்பு ஒரு தும்மல், பின்பு ஒரு தும்மல். அவ்வளவுதான், பொடிசு பஞ்சு வைத்த டப்பாவில் வண்டி ஏறிவிட்டாள்.

கேட்டவள் புதிதாக வந்திருக்கும் ஆராய்ச்சியாளர். சின்னப் பெண். நான் அவளை ஸ்கேன்காரி என்றுதான் சொல்கிறேன், அவளுக்கும் தெரியும், சிரிக்கிறாள். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம். நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள். ஸ்கேன் முடிந்து வந்ததும் நேராகத் தும்மல் சாரிடம் போகாமல் என்னிடம் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மேடம், இடது கன்னத்துல மிச்சம் இருக்கிற கல்லுக்குள்ள ஏதோ இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவள் வாயால் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. பழங்கால ஊர்வனவற்றுக்குக் கன்னத்தின் கீழே ஓர் எலும்புப் பாலம் இருக்கும், அது தாடையின் பூட்டை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். பல்லிக் குலத்தில் அந்தப் பாலம் அற்றுப்போய்விட்டது. அதனால்தான் பல்லி, ஓணான், அரணை, உடும்பு எல்லாவற்றுக்கும் தாடைப் பூட்டு தளர்வாக அசைகிறது, பாம்புக்கு இன்னும் அதிகம். நம் பொடிசின் கன்னத்தில் பாலம் இல்லை என்பதை வைத்துத்தானே, இருபது கோடி ஆண்டுக்கு முந்தைய இந்தச் சுண்டுவிரலளவுத் தலைக்காரியே இன்றைய பல்லிகளுக்கெல்லாம் தாய் என்று எழுதினீர்கள்? அந்தப் பாலம் அற்றுப்போகவில்லை, கீழே சரிந்து கல்லுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறாள் அவள். நினைக்கிறாள், அவ்வளவுதான். படத்தில் அந்த இடம் மங்கலாக இருக்கிறது. ஒரு மீன் முள் வந்து ஒட்டியிருக்கவும் வழி உண்டு என்று அவளே சொன்னாள்.

உங்களுக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டாளாம். பதில் இல்லையாம். நீங்கள் மறுப்பு எழுத வேண்டுமென்றால் எழுதட்டும், அதுவரை கட்டுரையை அனுப்பாமல் காத்திருக்கிறேன் என்கிறாள். பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்றும் கேட்டாள். மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமாக எடுத்த நான், இந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் கல்லை விட்டேன் என்றாள். எலும்பு மெலிசு, உடைந்துவிடும் என்ற பயம் என்றேன். அது உண்மைதான். மீதி உண்மையை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்ல? நம் பொடிசு இருந்திருந்தால் இப்போது இவள் வயதுதான் இருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு இங்கே வந்து என் மேசைக்கடியில் உட்கார்ந்துகொள்வாளே, நினைவிருக்கிறதா? ஊசியால் எலும்பைக் குத்திக்கொண்டே இருக்கிறாயே, அதற்கு வலிக்காதா என்று கேட்பாள். தூங்குகிறது, எழுப்பாமல் எடுக்கிறேன் என்பேன். பிறகு அவள் ரத்தத்திலேயே அந்த நோய் வந்து, நாமும் ஆஸ்பத்திரியுமாக ஆகிவிட்டோம். கடைசியாக நீங்கள் ஒரு நாள் அவளை இங்கே தூக்கிக்கொண்டு வந்தீர்கள். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் பச்சை பச்சையாக இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "நரம்பு கெடைக்கலைன்னா விட்டுடும்மா. மாத்தி மாத்திக் குத்தாத" என்றாள்.

அவள் போன பிறகு நான் மறுபடி ஊசியைத் தொட்டபோது, அந்தக் கன்னத்தில் கடுகளவு கல்தான் பாக்கி. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும், விட்டுடு" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். வேறு எந்த எலும்பு அறையிலும் ஒருவரும் இப்படி ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தியிருக்க மாட்டார்கள். நாம் நிறுத்தினோம். அங்கே ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதினீர்கள், நானும் நம்பினேன்.

ஒரு முறை வந்து உங்கள் கண்ணால் பாருங்கள். பயணச் சிரமம் என்று சாக்குச் சொல்லாதீர்கள். கட்டில் விரித்தபடியே இருக்கிறது, உங்கள் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பொடிசு அம்மா


எலும்பு அறை,
வெள்ளிக்கிழமை

பொடிசு அப்பாவுக்கு,

போன வாரம் நீங்கள் போன் செய்ததில் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். எவ்வளவு நாளாயிற்று உங்கள் குரல் கேட்டு! கோபமாகத்தான் பேசினீர்கள், பரவாயில்லை. கோபம் வருகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அது மீன் முள்தான், வேறு ஒன்றாகவும் இருக்க முடியாது என்றீர்கள். ஸ்கேன் படத்தை நம்பாதே, "நீயே எடு, உன் கையால எடு, வேற ஒருத்தரும் அவ மேல ஊசி வைக்கக் கூடாது" என்றீர்கள். எடுத்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காகிதத்தில் நான் கொஞ்சம் நல்லவளாக இருப்பேன் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

தும்மல் சாரிடம் கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்பார் என்று நினைத்தேன். மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார், தும்மக்கூட இல்லை. ஸ்கேன்காரி கூட இருக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளை உள்ளே விட்டிருக்கலாம். யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

பழைய ஊசிகளில் ஒன்றைத் தீட்டிக்கொண்டேன். கன்னத்தைச் சுற்றிப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு உலரவைத்து, பிறகுதான் கை வைத்தேன். உங்களுக்குத் தெரியும், கல்லில் ஊசி பட்டால் கடிக்கும், எலும்பில் பட்டால் வழுக்கும். முதலில் நன்றாகக் கடித்தது. துகள் துகளாக வந்தது. ஊதினால் எலும்பும் பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையால் எடுத்தேன். எனக்கு இப்போது கண்ணும் பழைய கண் இல்லை, ஆனால் கை நடுங்கவில்லை. அப்படி ஒரு வேலையை நான் செய்து வெகுகாலம் ஆகிறது. ஒரு கட்டத்தில், என்ன அழகாக வருகிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

பிறகு வழுக்கியது.

மீன் முள்ளாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். சின்னதாக வளைந்து, நுனி கூராக வெளியே வந்தபோது முள் என்றே நினைத்தேன். போன் செய்து "நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது. இன்னும் கொஞ்சம் எடுத்தேன். முள்ளுக்கு இரண்டு பக்கமும் பூட்டு இருக்காதே. இதற்கு இருந்தது. முன்பக்க நுனி கன்ன எலும்பில் போய் உட்காருகிறது, பின்பக்கம் தாடைப் பூட்டில் போய் உட்காருகிறது. நடுவில் ஒரு விரிசல், அவ்வளவுதான். சரிந்துகிடந்த பாலம். வலது பக்கமும் இருந்திருக்கும், அந்தப் பக்கக் கல்தான் கிடைக்கும்போதே உடைந்துபோயிருந்ததே.

கதவைத் திறந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். பார்த்தாள். "எலும்புதான் மேடம்" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் கட்டுரை போகும். நீங்கள் மறுத்து எழுத இடமில்லை, நானே சொல்கிறேன். பொடிசு பல்லிகளின் தாய் இல்லை. வேறு ஒரு கிளை. தாடைப் பூட்டு, பல்வரிசை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அப்படித்தான் வருகிறதாம். அந்தக் கிளை கொஞ்ச காலம் இருந்துவிட்டு, வாரிசு எதுவும் இல்லாமல் முடிந்துபோயிருக்கிறது. இன்றைய பல்லிகள் வேறு யாரோ ஒருத்தியின் பிள்ளைகள். அவள் எங்கே, எந்தக் கல்லில் கிடக்கிறாள் என்று தெரியாது. கிடைக்காமலே போகலாம் என்கிறாள் ஸ்கேன்காரி.

நான் இதை மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உங்களுக்கு என்ன ஆகும் என்ற பயத்தில்தான் ஒவ்வொரு வரியும் எழுதுகிறேன். நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

முதல் வருஷம் எனக்கு உங்கள்மேல் கோபம்தான். பொடிசு என்ற பெயருக்கு லத்தீன் வால் ஒன்றை ஒட்டி வைத்தீர்கள், அதுவரைக்கும் சரி. ஆனால் போகிற கூட்டத்திலெல்லாம் மேடையில் நின்றுகொண்டு, உலகத்துச் சுவர்களில் ஓடுகிற அத்தனையும் என் மகள் வழிப் பேத்திகள் என்று சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். உங்களுக்கு அது வேடிக்கை இல்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் அந்த ஊருக்கு வேலையை மாற்றிக்கொண்டு என்னையும் கூப்பிட்டபோது, பொடிசை இங்கே தனியாக விட்டுவிட்டு வரமாட்டேன் என்றேன். சண்டை ஒன்றும் இல்லை, ஏதோ பாகப்பிரிவினை மாதிரி ஆகிவிட்டது. கல் எனக்கு, சுவர் எல்லாம் உங்களுக்கு.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் போகப் போக எனக்கும் ஒட்டிக்கொண்டது. சமையலறைக் குழல்விளக்குக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள், வால் அறுந்து பாதி முளைத்தவள். அரிசி களையும்போது அவளோடு பேசுவேன். உங்க தாத்தா போன் பண்ணாரா என்று கேட்பேன். பொடிசு இல்லை, ஆனால் பொடிசிலிருந்து வந்த ஏதோ ஒன்று இந்த வீட்டில் ஓடுகிறது என்று இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். அந்தப் பைத்தியம் இருந்ததால்தான் சமைத்தேன், சாப்பிட்டேன், வேலைக்கு வந்தேன்.

பாலத்தை எடுத்த அன்று மாலை வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டேன். வந்தாள். ஒரு பூச்சியைப் பிடித்தாள். பார்த்துக்கொண்டே நின்றேன். வெறும் பல்லி. ஒரு முறை போனவள் மறுபடியும் போய்விட்டாள் என்று உட்கார்ந்து அழுதேன். கூட அழ ஆளில்லாமல் தனியாக அழுவது எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா?

பொடிசின் டப்பாவைப் பல்லி அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைசி வரிசையில், இனம் நிச்சயமாகாதவை என்று எழுதிய அலமாரி இருக்கிறதே, ஜன்னல் பக்கம், அங்கே போயிருக்கிறாள். நானேதான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். பெயர் மாறாதாம். எந்த அலமாரிக்குப் போனாலும் ஒரு முறை முறைப்படி வைத்த பெயரை யாராலும் எடுக்க முடியாது என்று ஸ்கேன்காரி இரண்டு முறை சொன்னாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். பாவம்.

இதைப் படித்ததும் போன் செய்யுங்கள். திட்டுவதானாலும் சரி. எடுக்காமல் இருந்திருந்தால் என்ன என்று கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் போனுக்காகக் காத்திருக்கும்
பொடிசு அம்மா


வீடு,
ஞாயிற்றுக்கிழமை

பொடிசு அப்பாவுக்கு,

என் கடிதம் போன வாரமே உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று தெரியும். தையற்காரர் தன் கையால் கொடுத்தாராம். மாடிப்படியில் நின்றபடியே படித்தீர்களாம். படித்து முடித்து நன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே போனீர்களாம். அதற்குப் பிறகு நீங்கள் கீழே இறங்கி வரவில்லை என்கிறார்.

நான் போன் செய்தால் மணி அடித்து ஓய்கிறது. கதவைத் தட்டினால் மட்டும், "இருக்கேன்" என்று குரல் கொடுக்கிறீர்களாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முன்பு கேலி செய்தேன் அல்லவா? இப்போது அது போதும். தினமும் அவரைத் தட்டச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து குரல் கொடுங்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சந்தோஷம். "சார் இப்பல்லாம் அந்த ஜன்னல் லைட்டப் போடுறதே இல்லம்மா, பல்லித் தொல்லை கொறஞ்சிருச்சு" என்றார். விளக்கு எரிகிறவரைக்கும் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு கணக்கு எனக்கு.

லீவு கேட்டிருக்கிறேன். தும்மல் சார் உடனே கொடுத்துவிட்டார். ஆனால் உங்கள் ஊருக்கு வந்து சேர்வது என்ன பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரியா? அதற்குள் என்னென்னவோ நினைப்பு வருகிறது. வந்தாலும் நீங்கள் கதவைத் திறப்பீர்களா என்று தெரியவில்லை. திறந்தாலும் உங்களுக்குக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. பொடிசைக் கொண்டுவர முடியாது, அவளை எனக்குத் தரமாட்டார்கள். வெறுங்கையோடு ஒரு கிழவி வந்து நிற்பேன்.

நன்றாக இருங்கள் என்று எழுதப் பார்த்தேன், பேனா நின்றுவிட்டது. நாம் இனி நன்றாக இருக்கப் போவதில்லை. நமக்குப் பிறகும் யாரும் இல்லை. அதை மறைக்க இத்தனை வருஷம் ஒரு கடுகளவு கல் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. ஆசீர்வாதம் பண்ணுகிற நிலையில் நான் இல்லை. ஒரே ஒரு வேலைதான் சொல்கிறேன், அதை மட்டும் செய்யுங்கள்.

பொழுது சாய்ந்ததும் எழுந்து அந்த ஜன்னல் விளக்கைப் போடுங்கள். இத்தனை வருஷம் பழக்கிவிட்டீர்கள், அவை வந்து பார்த்துவிட்டுப் போகும். யார் பெற்ற பேத்திகளாக இருந்தால் என்ன, பசிக்கும்.

இப்படிக்கு,
பொடிசு அம்மா